ஸ்கேன் அறையில் தூங்கும் குழந்தை: சூடா, குளிரா?

எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்காக மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்த ஒரு வயதுக் குழந்தையின் உடம்பு, அந்த முக்கால் மணி நேரத்தில் சூடேறுமா, குளிர்ந்து போகுமா?

ரொம்பச் சாதாரணமான கேள்விதான். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் தீர்ந்தது, இதில் ஆராய என்ன இருக்கு என்று தோன்றும். ஆனால் இதையே ஒரு மயக்க மருந்து நிபுணரிடம் கேட்டால் "குளிரும்" என்பார். ஸ்கேன் இயந்திரத்தின் இயற்பியல் தெரிந்தவரிடம் கேட்டால் "சூடேறும்" என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரி. இரண்டு பேருக்கும் பின்னால் நீண்ட அனுபவம் இருக்கிறது. அந்த இரண்டு அனுபவங்களும் 1980களில் ஒரே அறைக்குள் சந்தித்தன. வேடிக்கை என்னவென்றால், அந்த அறைக்குள் தெர்மாமீட்டரைத்தான் சுலபமாகக் கொண்டுபோக முடியவில்லை.

இரண்டு கதைகளையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு, அப்புறம் அறைக்குள் போகலாம்.

முதலில் பயந்தது சூட்டுக்கு

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் ஈதரை முகரக் கொடுக்க, நோயாளி வலி தெரியாமல் கிடந்தார் என்பது எல்லா மருத்துவ வரலாற்று நூலிலும் வரும் செய்தி. அவ்வளவாகப் பேசப்படாத செய்தி ஒன்று இருக்கிறது. இரண்டே வருஷத்தில், 1848-ல், பிரான்சில் டுமெரில், டெமார்க்கே என்ற இருவர் ஈதரும் குளோரோஃபார்மும் விலங்குகளின் உடல் வெப்பத்தை இறக்குகின்றன என்று சோதித்து எழுதிவிட்டார்கள். மயக்க மருந்து உடம்பைக் குளிரவைக்கும் என்ற அறிவுக்கு, ஏறக்குறைய மயக்க மருந்தின் வயசேதான்.

ஆனால் அந்த அறிவு ஆஸ்பத்திரி வழக்கமாக மாற நூறு வருஷம் பிடித்தது. ஒரு காரணம் கருவி. அன்றைக்கு இருந்த மருத்துவத் தெர்மாமீட்டர் ஒரு அடி நீளம் இருக்கும். சரியான அளவைக் காட்ட இருபது நிமிஷம் எடுக்கும். 1867 வாக்கில்தான் இங்கிலாந்தில் கிளிஃபோர்ட் ஆல்பட் ஆறு அங்குல நீளத்தில், ஐந்து நிமிஷத்தில் அளவு காட்டும் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்தார். அடுத்த வருஷம், 1868-ல், லைப்சிக் நகரில் கார்ல் வுண்டர்லிஷ் சுமார் 25,000 நோயாளிகளிடம் எடுத்த அளவுகளை வைத்துப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். 37 டிகிரி செல்சியஸ் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த எண் அங்கிருந்து வந்ததுதான். வுண்டர்லிஷ் கவனித்தது காய்ச்சலை. ஆபரேஷன் மேஜையில் இருப்பவரின் சூட்டைத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அந்த நூலால் வந்துவிடவில்லை.

அது வந்தபோதும் குளிரைப் பார்த்து வரவில்லை, சூட்டைப் பார்த்து வந்தது. இதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த திருப்பம். 20-ம் நூற்றாண்டின் முற்பாதியில் மயக்க மருத்துவர்களைக் கலங்கடித்த ஒரு விஷயம் 'ஈதர் வலிப்பு'. பெரும்பாலும் குழந்தைகளுக்கு, இளம் வயதினருக்கு. சீழ் பிடித்து, காய்ச்சலோடு வரும் குழந்தை, வெக்கையான அறை, மேலே அடுக்கடுக்காகத் துணி, எச்சிலைக் குறைப்பதற்காகக் கொடுத்த அட்ரோபின் வியர்வையையும் சேர்த்து நிறுத்திவிடும். இவ்வளவும் கூடினால் என்ன ஆகும்? சூடு வெளியேற வழியே இல்லை. மே மாசத்து மதியத்தில் ஜன்னலைச் சாத்திக் கம்பளி போர்த்திப் படுக்கவைத்த மாதிரி. மயக்கத்தின் நடுவே வலிப்பு வந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

1951-ல் பிக்லர், மக்விஸ்டன் என்ற இருவர் மயக்கத்தில் இருக்கும் சிசுக்கள், குழந்தைகளின் உடல் வெப்பத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார்கள். 1954-ல் கிளார்க், ஆர்க்கின், ரோவென்ஸ்டைன் மூவரும் அறையின் வெப்பமும் ஈரப்பதமும் மயக்கத்தில் இருப்பவரின் சூட்டை எப்படி மாற்றுகின்றன என்று ஆராய்ந்தார்கள். விழித்திருக்கும் மனிதன் அறை எப்படி இருந்தாலும் 37-ஐ ஒட்டியே இருப்பான். மயக்கத்தில் இருப்பவன் மெல்ல மெல்ல அறையின் பக்கம் சாய்ந்துவிடுவான். பிறகு ஆபரேஷன் தியேட்டர்களில் ஏசி வந்தது. கனமான அங்கி, கையுறை, தலைக்கு மேல் விளக்கு என்று வெந்துகொண்டிருந்த டாக்டர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் மேஜையில் கிடப்பவர் அங்கி போட்டிருக்கவில்லையே! கவலையின் திசை மாறியது. சூட்டுக்குப் பயந்த துறை குளிருக்குப் பயப்பட ஆரம்பித்தது.

நடுவில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 1960-ல் மெல்பர்னிலிருந்து டென்பரோவும் லவலும் லான்செட் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். காலுடைந்து வந்த 21 வயது இளைஞர் ஒருவர், கால் வலியைவிட மயக்க மருந்துக்குத்தான் பயந்தார். அவர் குடும்பத்தில் பத்துப் பேர் ஈதர் மயக்கத்தில் இறந்திருந்தார்கள். இன்று 'மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா' என்று சொல்லப்படும் பரம்பரைக் கோளாறு வெளிச்சத்துக்கு வந்தது இப்படித்தான். சில மயக்க வாயுக்கள் பட்டதும் தசைகள் கட்டுக்கடங்காமல் சூட்டை உற்பத்தி செய்யும். அபூர்வம், ஆனால் கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. 1975-ல் தென்னாப்பிரிக்காவில் ஹாரிசன் பன்றிகளில் சோதித்து டான்ட்ரோலீன் என்ற மருந்து வேலை செய்கிறது என்று காட்டினார். மயக்கத்தில் இருப்பவருக்குத் தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும் என்ற வாதத்துக்கு பலம் கொடுத்ததில் இந்தக் கோளாறுக்குப் பெரிய பங்கு உண்டு. 1986-ல் அமெரிக்க மயக்கவியல் சங்கம் கண்காணிப்பு விதிகளை வகுத்தபோது உடல் வெப்பமும் பட்டியலில் இடம்பெற்றது. பின்னாளில் அந்த விதியின் வாசகம், வெப்பம் குறிப்பிடத்தக்க அளவு மாறும் என்று 'எதிர்பார்த்தாலோ சந்தேகித்தாலோ' அளக்க வேண்டும் என்ற பொருளில் அமைந்தது. அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை ஏன் தனிக் கணக்கு

குழந்தை சின்ன சைஸ் பெரியவர் அல்ல என்று குழந்தை மருத்துவர்கள் அடிக்கடி சொல்வார்கள். வெப்ப விஷயத்தில் அது நேரடியான கணக்கு. எடைக்குத் தோல் பரப்பு அதிகம். அதிலும் தலை பெரிசு. சுடுசோறு பானையில் இருந்தால் ரொம்ப நேரம் சூடாக இருக்கும், தட்டில் பரப்பினால் சீக்கிரம் ஆறும் அல்லவா, அதே கதை.

இதை முதலில் அனுபவத்தில் உணர்ந்தவர்கள் குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர்கள். பாரிசில் ஸ்தெஃபான் தார்னியே என்ற மகப்பேறு மருத்துவர் அங்கிருந்த விலங்குக் காட்சிச்சாலையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்து, அதேபோல் ஒன்றைச் செய்யச் சொல்லி, 1880 வாக்கில் தன் மருத்துவமனையில் வைத்தார். 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளின் இறப்பு 66 சதவீதத்திலிருந்து 38 சதவீதமாக இறங்கியது. மருந்தில்லை, ஊசியில்லை. வெறும் கதகதப்பு.

ஆனால் எவ்வளவு கதகதப்பு? 1958-ல் நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மன் குழு குறைமாதக் குழந்தைகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதிக்கு இன்குபேட்டர் 28.9 டிகிரி, இன்னொரு பகுதிக்கு 31.7. வித்தியாசம் மூன்று டிகிரிகூட இல்லை. சூடான பெட்டியில் பிழைத்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 15 பேர் அதிகம். மருத்துவ வரலாற்றில் இவ்வளவு மலிவான உயிர்காப்பு அதிகம் கிடையாது என்று நினைக்கிறேன்.

பச்சைக் குழந்தை பெரியவர்களைப் போல் நடுங்கிச் சூடு உண்டாக்குவதில்லை. அதற்குப் பதிலாக முதுகு, கழுத்துப் பக்கம் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துக்கொள்கிறது. மயக்க வாயுக்களும் புரோபோஃபால் போன்ற மருந்துகளும் அந்த அடுப்பையும் அணைத்துவிடும். பெரியவருக்கு நடுக்கம் போகிறது, குழந்தைக்கு இது போகிறது.

இனி, மயக்கம் கொடுத்ததும் ஏன் சூடு இறங்குகிறது? 1980களின் பிற்பகுதியிலிருந்து இதைத் துருவித் துருவி ஆராய்ந்தவர் டேனியல் செஸ்லர். பழைய ஓட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் நல்ல சூடு, திண்ணையில் குளிர். நடுக்கதவு சாத்தியிருக்கும்வரை அடுப்படி சூடாகவே இருக்கும். நம் உடம்பில் நெஞ்சும் வயிறும் தலையும் அடுப்படி. கையும் காலும் திண்ணை. தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் நடுக்கதவு. மயக்க மருந்து அந்தக் கதவைத் திறந்துவிடுகிறது. மொத்தச் சூடு அப்படியே இருந்தாலும், உள்ளே இருந்தது வெளியே பரவி, முதல் ஒரு மணி நேரத்திலேயே பெரியவர்களுக்கு உள்வெப்பம் 1 முதல் 1.5 டிகிரி இறங்கிவிடும். சாதாரணமாக உள்வெப்பம் அரை டிகிரிகூட விலகாமல் உடம்பு உஷாராகிவிடும். மயக்கத்தில் அந்தச் சகிப்பு எல்லை சுமார் 4 டிகிரி வரை அகன்றுவிடுகிறது. அதற்குள் எங்கே போனாலும் மூளை கண்டுகொள்ளாது.

சிசுவுக்குத் திண்ணை சின்னது, அதாவது கைகால் குட்டி. ஆகவே இந்தப் பரவல் கொஞ்சம் குறைவு. ஆனால் தோல் வழியாகப் போகும் இழப்பு அதிகம். கூட்டிக் கழித்தால் குளிரும் பக்கம்தான். 'பரவாயில்லை, கொஞ்சம் குளிர்ந்தால் என்ன' என்று விட்டுவிடவும் முடியாது. பெருங்குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெரியவர்களிடம் செஸ்லர் குழுவினர் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், சூடு காக்கப்பட்டவர்களில் காயத்தில் தொற்று 6 சதவீதம், குளிரவிடப்பட்டவர்களில் 19 சதவீதம்.

ஸ்கெனெக்டடியில் வந்த காய்ச்சல்

இப்போது எதிர்ப்பக்கம். இதற்கு மருத்துவமனையை விட்டுவிட்டு அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரத்துக்குப் போக வேண்டும். அங்கேதான் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடம். 1920களில் அங்கே அதிக சக்தியுள்ள சிற்றலை வானொலிக் கருவிகளுக்குப் பக்கத்தில் வேலை செய்தவர்களுக்கு உடம்பு சுட ஆரம்பித்தது. கூடத்தின் இயக்குநர் வில்லிஸ் விட்னி இதை ஒரு தொல்லையாகப் பார்க்கவில்லை. ஹெலன் ஹோஸ்மர் என்ற ஆய்வாளர் இந்த வெப்ப விளைவைச் சோதித்து 1928-ல் கட்டுரை எழுதினார். 1930-ல் சிற்றலைகளால் மனிதர்களுக்குச் செயற்கையாகக் காய்ச்சல் வரவழைக்கலாம் என்று கார்ப்பென்டரும் பேஜும் எழுதினார்கள். 'ரேடியோதெர்ம்' என்று அந்த இயந்திரத்துக்குப் பெயர்.

காய்ச்சலை எதற்கு வரவழைக்க வேண்டும்? அந்தக் காலத்தில் மூளையைத் தாக்கும் சிபிலிஸ் நோய்க்கு உருப்படியான வைத்தியம் காய்ச்சல்தான். மலேரியாவை வேண்டுமென்றே ஏற்றி அந்த நோயைக் கட்டுப்படுத்திய வாக்னர்-யாவ்ரெக் 1927-ல் நோபல் பரிசு வாங்கினார். மலேரியாவுக்குப் பதில் வானொலி அலை என்றால் எவ்வளவோ மேல். பிறகு 1940களில் பென்சிலின் வந்தது, காய்ச்சல் வைத்தியம் போயிற்று. ஆனால் ரேடியோ அலை உள்ளே போனால் உடம்பு சூடேறும் என்ற பாடம் எழுதப்பட்டுவிட்டது.

எம்.ஆர்.ஐ. கதையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள், அதனால் வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1973-ல் பால் லாட்டர்பர் காந்தப்புலத்தைச் சரிவாக அமைத்துப் படம் எடுக்கலாம் என்று காட்டினார். 1977-ல் டமாடியன் குழு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் செலவழித்து ஒரு மனித மார்பைப் படம் பிடித்தது. 1980 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் மல்லார்ட் குழு ஒரு நோயாளிக்கு முழுஉடல் ஸ்கேன் எடுத்தது. இங்கே நமக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம். காந்தம் மட்டும் படம் எடுக்காது. ஒவ்வொரு படத்துக்கும் உடம்புக்குள் ரேடியோ அலைத் துடிப்புகளை அனுப்ப வேண்டும். 1.5 டெஸ்லா இயந்திரத்தில் அது சுமார் 64 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் சுமார் 128.

அந்த அலையின் சக்தி எங்கே போகும்? இந்தக் கேள்வியை நோயாளிகள் வரிசையில் நிற்பதற்கு முன்பே கேட்டவர்கள் உண்டு. 1978-ல் நாட்டிங்காமில் பால் பாட்டம்லியும் ரேமண்ட் ஆண்ட்ரூவும் திசுக்களுக்குள் எவ்வளவு அலை நுழையும், எவ்வளவு சூடாக மாறும் என்று கணக்கிட்டார்கள். 1981-ல் பாட்டம்லியும் அபர்டீனிலிருந்து வந்த வில்லியம் எடல்ஸ்டைனும் சேர்ந்து முழுஉடல் ஸ்கேனுக்கு அதே கணக்கைப் போட்டார்கள். அப்போது இருவரும் எங்கே வேலை பார்த்தார்கள் தெரியுமா? ஸ்கெனெக்டடியில், அதே ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சிக்கூடத்தில். ஒரு தலைமுறை அந்த அலையால் காய்ச்சலை வரவழைத்தது. இரண்டு தலைமுறை கழித்து அதே கூடத்தில் அந்தக் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்ளக் கணக்குப் போட்டார்கள்.

கணக்கு சிக்கலானதில்லை, நாமே போடலாம். உடம்பு ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் சக்தியை உறிஞ்சுகிறது என்பதுதான் அளவுகோல். செல்போன் பெட்டியில் எஸ்.ஏ.ஆர். என்று போட்டிருப்பார்களே, அதேதான். (இந்தியாவில் போனுக்கு எல்லை 1.6 வாட். ஆனால் அது ஒரே ஒரு கிராம் திசுவில் எடுத்த சராசரி. இங்கே பேசுவது முழு உடம்புக்கு.) ஒரு கிலோ திசுவை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 3,500 ஜூல் வேண்டும். கிலோவுக்கு 1 வாட் வீதம் ஒரு மணி நேரம் போனால் 3,600 ஜூல். ஆக, சூடு வெளியேறவே இல்லையென்றால் மணிக்கு ஒரு டிகிரி ஏறும். சும்மா படுத்திருக்கும் பெரியவரின் உடம்பு தானாக உண்டாக்கும் சூடும் கிலோவுக்குச் சுமார் 1 வாட்தான். எம்.ஆர்.ஐ.க்கான சர்வதேசத் தரவிதி சாதாரண நிலையில் முழுஉடலுக்கு 2 வாட், டாக்டரின் கண்காணிப்போடு 4 வாட், தலைக்கு 3.2 வாட் வரை அனுமதிக்கிறது. அதாவது நம் சொந்த அடுப்புக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு அடுப்பு, தேவைப்பட்டால் நான்கு. உள்வெப்பம் சாதாரண நிலையில் அரை டிகிரிக்கு மேலும், அடுத்த நிலையில் ஒரு டிகிரிக்கு மேலும் ஏறக்கூடாது என்பது இந்த எண்களுக்குப் பின்னால் உள்ள நோக்கம்.

விழித்திருக்கும் பெரியவருக்கு இது பிரச்சினையே இல்லை. தோலுக்கு ரத்தம் ஓடும், வியர்க்கும், முடியவில்லை என்றால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்துவார். 1987-ல் ஃப்ராங்க் ஷெல்லாக்கும் க்ரூஸும் 1.5 டெஸ்லா இயந்திரத்தில் நோயாளிகளின் சூடு, நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் எப்படி மாறுகின்றன என்று பார்த்து எழுதினார்கள். பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஆனால் இந்தப் பாதுகாப்பு வாதம் முழுக்க ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது: சூட்டை வெளியேற்றும் ஏற்பாடு உடம்பில் ஒழுங்காக வேலை செய்கிறது. மயக்க மருந்து கலைத்துப்போடுவது சரியாக அந்த ஏற்பாட்டைத்தான். 2004-ல் அயனியாக்காக் கதிர்வீச்சுக்கான சர்வதேசக் குழு, சிசுக்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதயநோய் உள்ளவர்களுக்கும் ஏற்றம் அரை டிகிரியைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று தனியாகச் சொன்னது.

தெர்மாமீட்டர் நுழைய முடியாத அறை

ஆக அறைக்குள் வந்துவிட்டோம். குழந்தைக்கு ஏன் மயக்கம்? அசையாமல் கிடக்க வேண்டும், குழாய்க்குள் இருக்க வேண்டும், காதைப் பிளக்கும் சத்தம் வேறு. ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தையிடம் "அரை மணி நேரம் ஆடாமல் இரு கண்ணு" என்று சொல்லி ஜெயித்தவர்கள் கையைத் தூக்கலாம்.

அறை குளிர்ச்சி. இயந்திரத்துக்காக 20 டிகிரி வாக்கில் வைத்திருப்பார்கள்; குழாய்க்குள் விசிறிக் காற்று வேறு. (காந்தத்தைச் சுற்றி மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியம் இருக்கிறது, அதனால்தான் குளிர்கிறது என்று சிலர் சொல்வது சரியில்லை. அந்தக் குளிர் வெளியே வராதபடி அடைத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.) ஆடையில்லாத பச்சைக் குழந்தைக்குச் சௌகரியமான சூடு 32, 34 டிகிரி. ஒரு பக்கம் மயக்கமும் ஏசியும் இழுக்கின்றன. மறுபக்கம் ரேடியோ அலை தள்ளுகிறது. பெரியவருக்கு மூளை ஸ்கேன் என்றால் அலை அனுப்பும் காயிலுக்குள் தலையும் தோளும்தான் இருக்கும். கைக்குழந்தைக்கு அதே ஸ்கேன் என்றாலும் கிட்டத்தட்ட முழு உடம்பும் உள்ளே வந்துவிடலாம். குட்டி உடம்பு அதே அலைக்குக் கிலோவுக்குக் குறைவாகத்தான் உறிஞ்சும் என்பது ஒரு ஆறுதல். எது ஜெயிக்கிறது?

அளந்து பார்க்கலாம் என்றால், ஆபரேஷன் தியேட்டரில் பயன்படும் தெர்மாமீட்டர் என்பது நுனியில் சின்ன உணரி உள்ள ஒரு மின்கம்பி. ரேடியோ அலைக்குள் நீளமான கம்பியை வைத்தால் அது ஆன்டெனா. அதில் மின்சாரம் பாயும், தொட்ட இடம் சுடும். 1989-ல் ஷெல்லாக்கும் ஸ்லிம்ப்பும் எழுதிய ஒரு குறிப்பு இதற்கு நல்ல சாட்சி: நோயாளியின் பாதுகாப்புக்காக விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்ஸிமீட்டரே ஸ்கேனின்போது அந்த விரலைக் கடுமையாகச் சுட்டுவிட்டது. இரும்பு பற்றிச் சொல்லவே வேண்டாம். 2001-ல் நியூயார்க் மாநிலத்தில் மயக்கத்தில் இருந்த ஆறு வயதுக் குழந்தை ஒன்று, அறைக்குள் கொண்டுவரப்பட்ட ஆக்ஸிஜன் சிலிண்டரைக் காந்தம் இழுத்ததால் இறந்தது. உதவிக்குக் கொண்டுவந்த சிலிண்டர் அது. அடுத்த வருஷம் அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி எம்.ஆர்.ஐ. பாதுகாப்புக்கு விரிவான வழிகாட்டுதலை வெளியிட்டது.

கம்பிக்குப் பதில் ஒளியிழையில் வேலை செய்யும் தெர்மாமீட்டர்கள் 1980களிலேயே இருந்தன. ஷெல்லாக் போன்றவர்கள் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தியதும் அவற்றைத்தான். ஆனால் விலை அதிகம், நுட்பமானவை, எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கும் பொருளல்ல. அதனால் நடைமுறையில் என்ன ஆனது? உள்ளே போகும்முன் ஒரு தடவை, வெளியே வந்தபின் ஒரு தடவை. நடுவில் என்ன நடந்தது என்பதற்கு இயந்திரத்தின் திரையில் தெரியும் வாட் கணக்குதான் ஆதாரம். அந்தக் கணக்கும் குழந்தையை அளந்து வருவதில்லை. தொழில்நுட்பர் தட்டச்சு செய்த எடையை வைத்துப் போடும் மதிப்பீடு. எடையைத் தப்பாக அடித்தால் கணக்கும் தப்பு.

இப்படி முன்பும் பின்பும் அளந்து வந்த முடிவுகளில் இரண்டு முக்கியமானவை. 2006-ல் பிரயன் குழுவினர், மயக்க மருந்தில் தூங்கும் குழந்தைகளுக்கு மூளை எம்.ஆர்.ஐ. உள்வெப்பத்தைக் கூட்டுகிறது என்று எழுதினார்கள். அதுவரை எல்லாரும் எதிர்பார்த்தது குளிரை. 2009-ல் வியன்னாவில் மகாட்டா குழுவினர் இரண்டு வகை இயந்திரங்களையும் ஒப்பிட்டார்கள். 1.5 டெஸ்லாவில் ஏற்றம் சுமார் 0.2 டிகிரி, 3 டெஸ்லாவில் சுமார் 0.5 டிகிரி. காந்தம் இரண்டு மடங்கானால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தால், உறிஞ்சும் சக்தி நான்கு மடங்காகும் என்ற இயற்பியலோடு திசை ஒத்துப்போகிறது.

அரை டிகிரி ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கு இல்லை. ஆனால் ஆரோக்கியமான குழந்தைக்கு எதற்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறார்கள்? வலிப்பு, மூளைக் காயம், மூளைக்காய்ச்சல் என்று வரும் குழந்தைகள்தான் அந்தக் குழாய்க்குள் போகிறவர்கள். காயம்பட்ட மூளைக்குச் சூடு நல்லதில்லை. ஏற்கெனவே காய்ச்சல் இருந்தால் அரை டிகிரி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை யோசிக்க வேண்டும்.

இந்த இரண்டு ஆய்வுகளோடு விஷயம் முடிந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் எல்லா ஆய்வும் ஒரே திசையில் போகவில்லை. சிலவற்றில் சூடு ஏறியது, சிலவற்றில் இறங்கியது. யோசித்துப் பார்த்தால் அப்படித்தானே இருக்கும்? எந்த மருந்து, மூச்சுக்குழாய் போட்ட முழு மயக்கமா, லேசான தூக்கமா, எத்தனை நிமிஷம், எந்த உறுப்பு, எந்த இயந்திரம், எத்தனை மாசக் குழந்தை, விசிறி ஓடியதா, ஒவ்வொன்றும் தராசை ஒரு பக்கம் தள்ளும். சராசரி மாற்றம் பூஜ்யம் என்று ஒரு ஆய்வு சொன்னாலும், பாதிக் குழந்தைகள் அரை டிகிரி ஏறி, பாதிக் குழந்தைகள் அரை டிகிரி இறங்கியிருந்தாலும் சராசரி பூஜ்யம்தான். நம் முன்னால் படுத்திருப்பது சராசரி இல்லை.

இதன் நடைமுறைச் சிக்கல் ஒரு போர்வையில் தெரியும். தூங்கும் குழந்தையைக் குளிர் அறைக்குள் கொண்டுபோனால் யாருக்கும் கை போர்வைக்குத்தான் போகும். நர்ஸுக்கும் சரி, அம்மாவுக்கும் சரி. மயக்கத்தால் குளிரப்போகும் குழந்தைக்கு அது சரியான காரியம். ஆனால் 3 டெஸ்லா இயந்திரத்தில் ரேடியோ அலை அதிகம் செலவாகும் நீண்ட ஸ்கேன் என்றால், அதே போர்வை வெளியேற வேண்டிய சூட்டை உள்ளே பூட்டிவிடும். எந்த நாள் எது என்று தொட்டுப் பார்த்துச் சொல்லவும் முடியாது. குழந்தை ஒன்றரை மீட்டர் நீளக் குழாய்க்குள்ளே, பார்ப்பவர் கண்ணாடிக்கு வெளியே. குளிருக்கு நடுங்கவோ, சூட்டுக்குச் சிணுங்கவோ குழந்தையால் முடியாது. இரண்டையும்தான் மருந்து நிறுத்திவிட்டதே.

அமெரிக்க விதியில் 'எதிர்பார்த்தாலோ சந்தேகித்தாலோ' என்று இருந்ததே, அதற்கு இப்போது வருகிறேன். திசை தெரியாத மாற்றத்தை என்னவென்று எதிர்பார்ப்பது? என் அபிப்பிராயத்தில், எந்தப் பக்கம் போகும் என்று தெரியாததே தொடர்ந்து அளப்பதற்குப் போதுமான காரணம். ஸ்கேன் அறையில் பயன்படுத்தத்தக்க ஒளியிழைத் தெர்மாமீட்டர்கள் இன்று நோயாளிக் கண்காணிப்புக் கருவிகளோடு சேர்ந்தே விற்பனைக்கு உள்ளன. கம்பியில்லாத காலம் போய்விட்டது என்று சாக்குச் சொல்ல முடியாது.

இன்னொரு வழி, மயக்கத்தையே தவிர்ப்பது. மூன்று மாசத்துக்குள் இருக்கும் குழந்தைக்குப் பல மருத்துவமனைகளில் ஸ்கேன் நேரத்தைப் பால் குடிக்கும் நேரத்தோடு பொருத்திவிடுகிறார்கள். வயிறு நிறையப் பாலூட்டி, துணியில் இறுகச் சுற்றி, காதை அடைத்து, தானாகத் தூங்கியதும் உள்ளே விடுகிறார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு இரும்பு கலக்காத, காந்தத்துக்குள் போகக்கூடிய இன்குபேட்டர்களும் வந்துவிட்டன. தார்னியேயின் பெட்டியின் கொள்ளுப்பேரன். ஆறு மாசத்திலிருந்து ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளிடம் இந்த வித்தைகள் பெரும்பாலும் பலிப்பதில்லை. அவர்களுக்கு இன்னமும் மயக்கம்தான், அந்தக் குளிர் அறைதான், அந்த அலைதான்.